சாப்பாட்டு அறைக்கு மேலே ஒரு வாளி

படியேறும்போதே பொறியாளருக்கு மூக்கு சுருங்கியது. பினாயில் வாசனைக்கு அடியில் வேறொரு நாற்றம் ஒளிந்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு கட்டடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முடியுமா என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவது மாநகராட்சியில் அவள் வேலை; அதை வைத்துத்தான் அனுமதி. தூண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, புதிதாகக் குழாய் இறக்க வழி உண்டா, ஒரு சுவரை எடுத்தால் மற்றது தாங்குமா என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவருகிறாள். இந்த ஐந்து மாடிக் கட்டடம் முதலில் அலுவலகமாக இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதியானது. இப்போது இதை முதியோர் இல்லமாக்க வேண்டுமாம். உரிமையாளர் அவளுடைய அக்காவின் கணவர்.

"வா வா, உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன். காபி சொல்லட்டுமா?" என்றார் அத்தான்.

"முதல்ல வேலையை முடிச்சுடறேன் அத்தான்."

மூன்றாவது மாடியில் நாற்பது மேசைகள் கிடந்த கூடத்தை அட்டைச் சுவர்களால் துண்டு போட்டு இருபத்தாறு அறைகள் ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் நான்கு அறைகளுக்கு மட்டும் வாய்த்திருந்தது. ஓர் அறையில் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படர்ந்து, தொட்ட விரல் பிசுபிசுத்தது. அதன்மேல்தான் யாரோ ஒரு பெண் இஸ்திரி போட்ட சட்டையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

கழிப்பறைகள் கூடத்தின் நடுவில் இருந்தன. கழிவு இறங்கும் குழாயோ மூலையில். கழிவு ஓடிப்போகும் வாட்டம் கிடைப்பதற்காகக் கழிப்பறைத் தரையை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தார்கள்.

"எண்பது வயசுல இதுல எப்படி அத்தான் ஏறுவாங்க?"

"ஒரு கைப்பிடி அடிச்சுட்டா ஆச்சு. நீ மார்க்கைப் போடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கீழே சாப்பாட்டு அறையில் தட்டுகளைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே பொய்க்கூரைப் பலகையில் தேநீர் கொட்டியதுபோல ஒரு கறை. அவள் ஏணி கேட்டதும் அத்தானின் முகம் மாறியது. "அங்க ஒண்ணுமில்ல, வயரிங்தான் போகுது," என்றார். அங்கே நின்ற விடுதிச் சமையற்காரம்மாவோ கேட்டவுடனே ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டாள்.

பலகையை நகர்த்தியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கழிப்பறைக் குழாயின் இணைப்பில் துணி சுற்றியிருந்தது. துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது.

"செவ்வாய், வெள்ளி நான்தான் ஏறி எடுத்துக் கொட்டுவேன்மா," என்றாள் சமையற்காரம்மா, தன் தப்பைச் சொல்வதுபோல. "முதுகு பிடிச்சுக்கிச்சு, இந்த வாரம் ஏற முடியல. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவேன்."

அத்தான் சமாளித்துக்கொண்டு சிரித்தார். "தேவைக்கேத்த மாதிரி மாத்திக்கணும்னு நீதானே எழுதுவே? நாங்க மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான்."

பொறியாளர் இறங்கி, கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுத்தாள். அத்தான் தண்ணீர்க் குவளையோடு பின்னால் வந்து நின்றார்.

"ஆறு வருஷம் முன்னாடி எழுபத்தெட்டு மார்க் போட்டப்ப இப்படிக் குமட்டலையே?" என்றார் மெல்ல.

அதை அவர் சொல்லிவிடக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். அன்று அவள் இந்தக் கட்டடத்துக்கு வரவே இல்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டு முடித்த கையோடு வரைபடத்தை விரித்தார்கள். கழிப்பறை நடுவிலும் குழாய் மூலையிலும் இருந்ததைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். வாயை எத்தனை தடவை கொப்பளித்தும் கசப்பு போகவில்லை.

அன்று மாலையே அறிக்கை எழுதினாள். பதினொரு மதிப்பெண். கூடவே தனியாக ஒரு தாள்: முந்தைய மதிப்பெண் நேரில் பார்க்காமல் போட்டது, உரிமையாளர் என் உறவினர், இரண்டையும் மறைத்தேன்.

ஒரே வாரத்தில் விடுதியைப் பூட்டி, பெண்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தார்கள். அக்கா போனில் கத்தினாள்.

"எங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி! கூடப்பிறந்தவ செய்யற வேலையா இது?"

"ஒரு தடவை அந்த வாளியை வந்து பாரு அக்கா. அப்புறம் திட்டு."

"ச்சீ! அதையெல்லாம் நான் எதுக்குப் பாக்கணும்?" போன் துண்டிக்கப்பட்டது. அதன்பிறகு அக்கா பேசவில்லை.

விசாரணை நாளில், வெளியே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் சமையற்காரம்மா. அவளும் சாட்சி. விடுதியோடு அவள் வேலையும் போயிருந்தது. கைகளை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சமைச்சதைச் சாப்பிட்டு அந்தப் பொண்ணுங்க யாருக்காவது ஏதாவது ஆயிருக்குமாம்மா? வயித்துவலின்னு அடிக்கடி லீவு போடுவாங்க."

"தப்பு உங்க மேல இல்ல," என்றாள் பொறியாளர்.

"அப்ப யாரு மேல?"

"அங்க விடுதி நடத்தலாம்னு முதல்ல கையெழுத்துப் போட்டது நான்தான். வந்து பாக்காமயே போட்டேன்."

சமையற்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.