கடைசி வரைக்கும் பார்த்தியா

என் பிள்ளை ராமசுப்ரமணியன் இங்கிலாந்துல மெடிசின் படிக்கிறான்னு ஊர் பூரா நம்பிண்டிருந்ததுக்கு நான்தான் காரணம். ஊர்னா நியூ ஜெர்சி. அதுலயும் நம்ம மனுஷா ஒரு நாற்பது, ஐம்பது குடும்பம்.

அவன் ஒரு மண்ணும் படிக்கலை. ரக்பி லீக் ஆடிண்டிருந்தான். ஒரு பக்கத்துக்குப் பதிமூணு பேர், முட்டை மாதிரி ஒரு பந்து, தலைக்கு ஹெல்மெட் கூடக் கிடையாது, பந்து வெச்சிண்டிருக்கிறவன் மேல மத்தவா விழுந்து அமுக்கணும். இங்க காலேஜ் கிளப்ல பொழுதுபோக்கா ரக்பி ஆட ஆரம்பிச்சான். அப்புறம் ஒரு வருஷ எக்ஸ்சேஞ்சுன்னு இங்கிலாந்துல லீட்ஸ் போனான். பக்கத்துல ஒரு சின்ன டவுன் டீம்காரா இவன் ஓடறதைப் பார்த்துட்டு, சம்பளம் போட்டு எடுத்துண்டுட்டா. இருபத்தோரு வயசு. டாக்டர் படிப்பெல்லாம் வேண்டாம், இங்கயே ஆடப்போறேன்னு போன்ல சொன்னான். நான் ரிசீவரை வெச்ச வேகத்துல கிச்சன் சுவத்துல மாட்டியிருந்த போனே கையோட வந்துடுத்து.

என் ஆத்துக்காரி விசாலாக்ஷி போய் அப்போ ரெண்டு வருஷம். அவ இருந்திருந்தா என் வாயை அடக்கியிருப்பா.

அந்த வருஷம் தமிழ்ச் சங்க தீபாவளி ஒரு ஸ்கூல் காஃபிடீரியாவுல நடந்தது. புளியோதரை க்யூவுல எனக்கு முன்னாடி டாக்டர் சிவராமகிருஷ்ணன் நின்னுண்டிருந்தார். அவருக்கு ரெண்டு பிள்ளை, ரெண்டும் மெடிகல் ஸ்கூல். உங்க பையன் இங்கிலாந்துல என்ன பண்றான் பாலுன்னு கேட்டார். மெடிசின்னு சொல்லிட்டேன். சத்தியமா யோசிக்கவே இல்லை, கையில பேப்பர் தட்டு, பின்னாடி இருபது பேர், வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுத்து. சொன்னதை அப்புறம் காப்பாத்த வேண்டாமா? அடுத்த வருஷம் அனாடமி ரொம்பக் கஷ்டப்படுத்தறதுன்னேன். லீவே குடுக்க மாட்டேங்கறான்னேன்.

எண்பத்தாறு மார்ச்ல ஒரு பார்சல் வந்தது. உள்ள ஒரு வீடியோ கேசட். 'அப்பா, கடைசி வரைக்கும் பாரு'ன்னு லேபிள்ல இங்கிலீஷ்ல எழுதியிருந்தான். போட்டேன். திரை பூரா கோடு கோடா ஓடித்தே தவிர ஒரு உருவம் தெரியலை. இங்கிலாந்து கேசட் அமெரிக்க மெஷின்ல ஓடாதாம், மாத்தி எடுக்கணுமாம். மாத்திக் குடுக்கிறது பக்கத்து ஊர் ஐசலின்ல மளிகையும் வீடியோவும் வெச்சிருக்கிற பிச்சுமணி. மெட்ராஸ்லேர்ந்து வர சினிமா, கல்யாணம், சீமந்தம் எல்லாம் அவர் கடைக்குத்தான் போகும்.

அங்கதான் வந்தது வினை. பிச்சுமணி மாத்தறச்சே ஒண்ணு விடாம உட்கார்ந்து பார்ப்பார். எந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வெச்சிண்டான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். டாக்டர் ராமு சேத்துல உருளறதை அவர் கையில கொண்டு குடுக்கிறதா? ஒருநாள் கேசட்டைக் கோட்டுப் பாக்கெட்டுல வெச்சிண்டு அங்க வரைக்கும் போனேன். துவரம் பருப்பு வாங்கிண்டு திரும்பி வந்தேன். கேசட் அலமாரியில ஸ்வெட்டருக்கு அடியில போயிடுத்து.

ரெண்டு வாரம் கழிச்சு ராமு போன் பண்ணினான். நான் தமிழ்ல பேசுவேன், அவன் இங்கிலீஷ்ல பதில் சொல்வான், எங்காத்துல எப்பவும் அப்படித்தான். கேசட் வந்துதான்னு கேட்டான். வந்துதுன்னேன். கடைசி வரைக்கும் பார்த்தியான்னு கேட்டான்.

பார்க்கலைடான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். ஏன்னு கேட்பானே? உன்னை டாக்டர்னு சொல்லி வெச்சிருக்கேன்டா, அதனாலன்னு எந்த மூஞ்சியை வெச்சிண்டு சொல்றது? "பூராப் பார்த்தேன்"னேன்.

அப்புறம், நீ என்ன சொல்றேன்னு கேட்டான். படிப்பை விட்டது சரிதானேன்னு என் வாயால வரவழைக்கப் பார்க்கிறான்னு நினைச்சேன், முட்டாள். "நான் சொல்ல என்ன இருக்கு? என் பதில் உனக்கே தெரியும்"னேன்.

"ஓகே, அப்பா"ன்னு வெச்சுட்டான்.

மே மாசம் அவனோட ரூம்ல இருக்கிற பையன் கூப்பிட்டான். கோப்பை ஃபைனல்ல ராமுவுக்கு முழங்கால் திரும்பிடுத்தாம், ஆபரேஷன் ஆயிடுத்தாம். ஃபைனல்னு ஒண்ணு இருந்ததே எனக்கு அப்பத்தான் தெரியும். நான் வரேன்னேன். வர வேண்டாம்னு ராமு சொல்லச் சொன்னானாம். அந்தக் கால் அப்புறம் ஆட்டத்துக்கு ஆகலை. இருபத்துமூணு வயசுல எல்லாம் முடிஞ்சு போச்சு. அமெரிக்காவுக்குத் திரும்பினவன் இங்க வராம கலிஃபோர்னியாவுல மில்பிடாஸ் போய், ஒரு கம்பெனியில பெட்டி அனுப்பற வேலையில சேர்ந்தான். பொங்கலுக்கு ஒரு போன், என் பொறந்தநாளுக்கு ஒரு போன். தப்பு பண்ணினவனும் அவன், முறைச்சிண்டு இருக்கிறவனும் அவனான்னு மூணு வருஷம் பொருமிண்டிருந்தேன்.

எண்பத்தொன்பது அக்டோபர்ல அந்தப் பக்கம் பூகம்பம் வந்தது. ஒரு நாள் பூரா லைன் கிடைக்கலை. மறுநாள் கிடைச்சு, நன்னா இருக்கேன்னான், வெச்சுட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கணும்னு அடிச்சுண்டது. ஆத்துல இருக்கிறதெல்லாம் ஸ்கூல் போட்டோ. அப்பத்தான் ஸ்வெட்டருக்கு அடியில கையை விட்டேன்.

எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடற மெஷின் பிச்சுமணி கடைக்கு வந்திருந்தது. அதையே வாங்கிட்டா யார் கையிலயும் குடுக்க வேண்டாமே. வாங்கின பெட்டியைப் பிச்சுமணி என் கார்ல வெச்சிண்டே, ராமு ஆடின கேசட்டா சார்னு கேட்டார். நான் ஆடிப் போயிட்டேன். லீட்ஸ் பக்கம் இருக்கிற அவர் மச்சினன், பேப்பர்ல வந்த ராமு படத்தை வெட்டி மூணு வருஷம் முன்னாடியே அனுப்பியிருக்கான். பிச்சுமணி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை.

"பெருமையான விஷயம், நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்"னார்.

ஆத்துக்கு வந்து மத்தியானம் போட்டேன். கிளப் ஆள் யாரோ எடுத்த படம், ஒரே மழை. ராமு கோட்டோரமா ஓடறான். மூணு பேரை ஏமாத்திட்டான். நாலாவது தடியன் இடுப்பைக் கட்டிண்டான், அவனையும் சேர்த்து இழுத்துண்டு போய்ப் பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சான். நான் ஸோஃபாவை விட்டு எழுந்து நின்னுண்டிருக்கேன். என் பிள்ளை இவ்வளவு அழகா ஓடுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது.

ஆட்டம் முடிஞ்சதும் கேமரா அவன் முகத்துக்குக் கிட்டக்க வந்தது. புருவத்துல ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு. அப்புறம் தமிழ்ல பேசினான். தட்டுத் தடுமாறி, நடுவுல நிறுத்தி நிறுத்தி.

"அப்பா, மே மாசம் ஃபைனல். உனக்கு ஒரு சீட் எடுத்து வெச்சிருக்கேன். நான் ஓடற பக்கம். அப்புறம் எவ்ளோ வேணா திட்டு. ஒரு தடவை மட்டும் வந்து பாரு. வரியா? போன்ல சொல்லு."

நான் சொன்னேனே போன்ல. என் பதில் உனக்கே தெரியும்னு.

உடனே மில்பிடாஸுக்கு டயல் பண்ணினேன். கேசட்டை இன்னிக்குத்தான்டா பார்த்தேன்னேன். புளியோதரை க்யூவுலேர்ந்து ஒண்ணு விடாம சொன்னேன். குறுக்கே பேசாம கேட்டுண்டான். கடைசியில தமிழ்லயே கேட்டான்.

"அப்போ நீ வரமாட்டேன்னு சொல்லலையா?"

"இல்லடா."

"சொன்னாலும் நீ வருவேன்னு நினைச்சேன். அந்த சீட்டைப் பார்த்துண்டே இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துடுத்து. டிக்கெட் எடுத்துண்டு நாளைக்கே வரேன்டா, உன்னைப் பார்க்கணும்னேன்.

"இப்ப வந்து என்ன பார்ப்பே, அப்பா? நான் ஆடறதில்லையே"ன்னான். கோபமா சொல்லலை.