சுவரைப் பார்த்த நாற்காலி

பீரங்கிப் படை முகாமின் மருத்துவமனையில் ஒரு பழைய மருந்துக் கிடங்கைக் காலி செய்து, காது சோதனை எடுக்க வந்திருந்த அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு கழுவியும் டிஞ்சர் வாசனை போகவில்லை. அறையின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே ஒருவர் உட்காரலாம். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அந்தப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே போகாது. அதற்கு ஒரே ஒரு ஜன்னல், இரட்டைக் கண்ணாடி போட்டது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய மேசை, அதன் மேல் கருவி, கருவிக்கு முன்னால் அவள் கைகளை மறைக்கிற ஒரு பலகை.

பீரங்கி சுடுகிறவர்களின் காது வருடங்கள் போகப் போக என்ன ஆகிறது என்பதுதான் ஆராய்ச்சி. பெட்டிக்குள் இருப்பவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் மேசையில் பச்சை விளக்கு எரியும். அவள் ஒலியைக் குறைத்துக்கொண்டே போவாள். விளக்கு எங்கே நிற்கிறதோ அங்கே அந்த மனிதரின் காது நிற்கிறது என்று கணக்கு. அவள் விரல் அசைவது தெரிந்தால் அதைப் பார்த்தே சிலர் அழுத்திவிடுவார்கள். அதற்காகத்தான் பலகை.

முகத்தை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் விஷயத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. "உன்கிட்ட பேசறதும் சுவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணு" என்று கணவர் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது அதைச் சொல்வதையும் விட்டுவிட்டிருந்தார். மாமியார் வைத்த பெயர் மரக்கட்டை. முதலில் அவளுக்கு அது வலித்தது. பிறகு அந்த முகத்துக்குள் ஓர் அறை மாதிரி குடியேறிவிட்டாள். யாரும் கதவைத் தட்டாத அறை. இந்த வேலைக்கு வந்த பிறகு அது ஒரு தகுதியாகவே ஆகிவிட்டது.

ஒவ்வொருவரிடமும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான். "இங்க என்ன தெரிஞ்சாலும் உங்க யூனிட்டுக்குப் போகாது. ஆராய்ச்சிக்கு மட்டும்தான். பயப்படாம உண்மையா அழுத்துங்க."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வந்தார்கள்.

இடி என்று முகாம் முழுக்க அழைக்கப்பட்டவர் அப்படித்தான் வந்தார். ஒரு பீரங்கிக்கும் அதன் ஆட்களுக்கும் தலைவர். நரைத்த மீசை, தடித்த கழுத்து. அவர் 'வணக்கம்' என்று சொன்னால் மேசையில் இருக்கும் பேனா உருளும். அவருடன் எப்போதும் நெட்டை என்று ஒருவர் வருவார், அதே பீரங்கியில் குண்டு ஏற்றுகிறவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நெட்டை வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

"இவருக்குக் காது எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க?" என்று முதல் நாள் அவள் சும்மா கேட்டாள்.

"காதா? அவர் கத்துற கத்துக்கு அது எப்பவோ வீட்டை விட்டு ஓடியிருக்கணும் மேடம்" என்றார் நெட்டை. சொல்லிவிட்டு இடியின் தோளில் தட்டி, அவர் தன் பக்கம் திரும்பியதும், "என்ன அண்ணே, உண்மைதானே?" என்றார். இடி சிரித்தார். இரண்டு பேரும் எவ்வளவு நெருக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சோதனையின் முடிவு அவளைத் திகைக்க வைத்தது. வாழ்க்கையில் பாதியைப் பீரங்கிக்குப் பக்கத்தில் கழித்த மனிதருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் காது. இரண்டாம் முறை எடுத்தாள். அதே முடிவு.

ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் அம்மாவுக்குப் போனில் குரலே மாறிவிட்டது. "எல்லாருக்கும் போறது இவருக்கு மட்டும் ஏன் போகலை? அதைக் கண்டுபிடிச்சா எத்தனை பேர் காதைக் காப்பாத்தலாம் தெரியுமா? இன்னொரு தடவை எடு. விடாதே அந்த ஆளை."

மூன்றாம் முறை இடி வந்தபோது அவள் மனசு துள்ளியது. தன்னிடம் அப்படி ஒன்று இன்னும் பாக்கியிருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. இப்படி ஒரு காது இருக்கட்டும், இருந்துவிடட்டும் என்று உள்ளே ஏதோ வேண்டிக்கொண்டே இருந்தது.

வலது காதை எடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே வந்து மெல்லிய ஒலிக்கு அணைந்தது. முந்தைய முறை மாதிரியே. இடது காதுக்கு மாறும்போதுதான் மேசை ஓரத்தில் அதைப் பார்த்தாள். ஹெட்போனின் பிளக், கருவியோடு சேராமல், வெறும் மேசையில் கிடந்தது. காலையில் தூசி துடைக்கும்போது அவளே கழற்றி வைத்ததுதான்.

இவ்வளவு நேரம் உள்ளே எந்த ஒலியும் போகவில்லை.

அவள் அதை மாட்டவில்லை. கை தானாகவே இன்னொரு முறை அழுத்தியது. கண்ணாடிக்கு அப்பால் இடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது.

அவள் எழுந்து பெட்டியின் கதவைத் திறந்து, பிளக்கை அவர் முன்னால் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மாட்டிக்கிட்டேன்" என்றார். அவருடைய குரலுக்கு அது மிகச் சின்னக் குரல்.

"எப்படி?" என்றாள்.

"நீங்க அழுத்தறதுக்கு முன்னாடி மூச்சை நிறுத்துவீங்க. அழுத்திட்டு, விளக்கைப் பாக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாப்பீங்க. நான் கொஞ்சம் தாமதிச்சா உங்க கீழுதடு உள்ள போயிடும்."

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது? ரொம்பச் சின்ன ஒலிக்கு நீங்க அழுத்தலையே?"

"அதுக்கு நீங்களே சொல்லிடுவீங்களே. இது இவனுக்குக் கேக்காதுன்னு உங்களுக்கே தோணும்போது கண்ணு கொஞ்சம் இறங்கிடும். பாவம் பாக்கற மாதிரி. அப்ப விட்டுடுவேன்." சற்று நிறுத்தினார். "நான் கேக்கணும்னு நீங்க ரொம்ப ஆசைப்பட்டீங்கம்மா. அது அப்படியே மூஞ்சியில தெரிஞ்சுது."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். குளிக்கும்போது யாரோ எட்டிப் பார்த்துவிட்டது போன்ற கோபம். கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருக்குச் சுவராகத் தெரிந்த முகத்தை, இரண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பீரங்கிக்காரர் வாசித்திருக்கிறார். அப்படியானால் அது சுவரே இல்லை. பார்க்க யாரும் இல்லாமல் திறந்தே கிடந்த வீடு. அந்த எண்ணம் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"நிஜத்துல எவ்வளவு கேக்குது உங்களுக்கு?"

"தெரியலை. ஆள் எதிர்ல நின்னா சமாளிச்சுடுவேன்."

"பீரங்கிக்குப் பக்கத்துல?"

அவர் வாசலைப் பார்த்தார். பெஞ்சில் நெட்டையின் நீண்ட கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தத் தோள்தட்டல் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"போன பயிற்சியில 'நிறுத்து'ன்னு கத்தியிருக்காங்க. முன்னாடி ஆளுங்க குறுக்க வந்துட்டாங்க. நான் 'சுடு'ன்னு நினைச்சு, சுடச் சொல்லிக் கையைத் தூக்கிட்டேன். நெட்டைதான் பாய்ஞ்சு என் கையைப் பிடிச்சு இறக்கினான். மத்தவங்ககிட்ட ஏதோ குளவி கொட்டிடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சான்."

"அவர் எப்பவும் பக்கத்துல இருப்பாரா?"

"இந்த மாசக் கடைசியில அவனுக்கு மாற்றல்" என்றார் இடி.

அவள் என்ன நினைக்கிறாள் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை மறைக்க முயலவில்லை.

"ஒரு தடவை சரியா எடுத்துடலாம். நான் திரும்பி உக்காந்துக்கறேன். கேட்டா அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. அவ்வளவுதான்."

அவர் தலையசைத்தார்.

பிளக்கை மாட்டினாள். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டு, கருவியையும் விளக்கையும் இழுத்துப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அந்த மனிதர் தனியாக விடப்பட்டிருந்தார்.

தாழ்ந்த ஒலிகள். விளக்கு எரிந்தது. கொஞ்சம் ஏற்றினாள். எரிந்தது, தயங்கி. இன்னும் மேலே, கீச்சென்ற ஒலிகளுக்குப் போனாள். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். எரியவில்லை. பக்கத்து அறைக்கே கேட்குமோ என்று அஞ்சும் அளவுக்குக் கூட்டினாள். சுவரில் பழைய மருந்து அலமாரியின் ஆணித்துளைகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தன் மூச்சு நிற்பதை, உதடு உள்ளே போவதை, கண் இறங்குவதை அவள் முதல் முறையாக உணர்ந்தாள். எல்லாமே அவர் சொன்னபடி. இந்த முகம் எத்தனை நாளாக யாரிடம் எதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததோ.

அவர் ஏமாற்றவில்லை. குருட்டாம்போக்கில் ஒரு முறைகூட அழுத்தவில்லை.

திரும்பியபோது இடி வெளியே வந்து நின்றிருந்தார். கருவி வரைந்து தந்த படத்தை அவரிடம் காட்டினாள். கோடு மேசை மாதிரி நேராகக் கொஞ்ச தூரம் வந்து, பிறகு கிணற்றுக்குள் இறங்குவது போல் இறங்கியது.

"இந்தப் பக்கம் தடிச்ச குரல், இன்ஜின், பீரங்கி. இதெல்லாம் கேக்கும். இந்தப் பக்கம் போகப் போக மெல்லிசு. குருவிச் சத்தம், கொலுசு, கிசுகிசு."

அவர் கோடு இறங்கும் இடத்தில் விரலை வைத்தார். நகத்தில் கருப்பு மை மாதிரி கிரீஸ் படிந்திருந்தது.

"என் பொண்ணு குரல் இதுல எங்கம்மா இருக்கும்?"

"எப்படிக் குரல் அவளுக்கு?"

"சின்னக் குரல். அவங்கம்மா மாதிரி. போன்ல இன்னும் சின்னது." விரலை எடுக்கவில்லை. "கல்யாணமாகித் தூரத்துல இருக்கா. அவ போன் பண்ணா நான் 'நல்லா இருக்கியா, சரி சரி'ன்னு சொல்லிட்டு அவங்கம்மாகிட்ட குடுத்துடுவேன். போன வாரம் 'அப்பா, நான் முழுகாம இருக்கேன்'னு சொல்லியிருக்கா. முதல்ல என்கிட்டதான் சொல்லணும்னு சொல்லியிருக்கா. நான் 'சரி சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்'னுட்டேன்."



"முகம் தெரியற மாதிரி பேசலாமே போன்ல?" என்றாள்.

"மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கறா. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னு அழுதாளாம்."

"காதுதான் காரணம்னு வீட்டுல சொல்லலையா?"

"வீட்டுல சொன்னா ஊர்ல சொன்ன மாதிரி. ஊர்ல சொன்னா முகாம்ல. அப்புறம் ஸ்டோர்ல உக்காந்து போர்வை எண்ணணும்." சிரிக்கப் பார்த்தார். "அதுகூடப் பரவாயில்லைம்மா. காது போனவன்னு தெரிஞ்சா எல்லாரும் முதுகைக் காட்டிட்டே பேசுவாங்க. அதான் தாங்காது."

அவள் அவர் எதிரே நேராக நின்றாள். வார்த்தைகளை மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னாள்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன். இந்தப் படம் உங்க யூனிட்டுக்குப் போகாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நெட்டை போனப்புறம் உங்க கையை யார் பிடிச்சு இறக்குவாங்க?"

அவர் படத்தை வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் நெட்டை அவர் தோளைத் தட்டுவதும், அவர் திரும்பாமலே நடப்பதும் தெரிந்தது.

அன்று மாலை பேராசிரியர் அம்மாவுக்குப் போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை, 'அந்த ஆள்' என்றும் சொல்லவில்லை. தன் முகத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"அப்ப இதுவரைக்கும் எடுத்த எல்லாரும் உன் மூஞ்சியைப் படிச்சிருப்பாங்கன்னா சொல்றே?"

"தெரியலை மேடம். அதான் பிரச்சனை. எல்லாரையும் திரும்ப எடுக்கணும். நான் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கறேன்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "உன் மூஞ்சியில ஈ உக்காந்தாக்கூட உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுதானே உன்னை அனுப்பினேன்" என்றார் பேராசிரியர் அம்மா. பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "சரி, எடு" என்றார்.

மறுநாள் காலை அவள் கதவைத் திறக்க வந்தபோது இடி வாசலில் நின்றிருந்தார். சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு. கையில் அந்தப் படம்.

"மருத்துவ அதிகாரியைப் பாக்கப் போறேன்" என்றார். "அவர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டேதான் பேசுவார். என்ன சொல்றார்னு எனக்குத் தெரியாது. நீங்க வருவீங்களா?"

"நான் பேசக் கூடாதே."

"பேச வேண்டாம்மா. அவர் சொல்றதை என்னைப் பாத்துத் திருப்பிச் சொல்லுங்க. போதும்."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாழ்வாரம் நீளமானது. ஒரு பக்கம் வெயில் அடித்தது. அவர் இடப்பக்கம் நடந்தால் வெயில் அவள் பின்னாலிருந்து வரும், அவள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும் என்று தோன்றி, அவள் பக்கம் மாறி நடந்தாள். அவர் அதைக் கவனித்தார்.

அதிகாரியின் அறை வாசலில் நெட்டை ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார். இம்முறை காலை நீட்டவில்லை. கேலியும் செய்யவில்லை.

உள்ளே அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், என்ன?" என்றார்.

இடி அவள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தை நன்றாக அவரிடம் கொடுத்தாள். "என்ன பிரச்சனைன்னு கேக்கறார்" என்றாள். அதற்கு மேல் அந்த முகம் என்னென்ன சொன்னதோ, அதைத் தடுக்கவில்லை.

இடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியை நோக்கி நிமிர்ந்து, மேசையிலிருந்த பேனா உருளும்படி, தாழ்வாரத்தின் கடைசி வரை கேட்கும்படி சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலை சார்."

அதிகாரி திரையை விட்டுத் தலையைத் தூக்கினார். வெளியே பெஞ்சு கிறீச்சிட்டு, யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அது இடிக்குக் கேட்கவில்லை.

"நெட்டை எழுந்து நிக்கறார்" என்று இடியைப் பார்த்துச் சொன்னாள்.