எழுந்து நின்ற மாப்பிள்ளை

கில்பர்ட் கார் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்துவிட்டார்.

கேஸை அணைத்தோமா?

காலையில் இரண்டு முட்டை வேகவைத்தார். ஓடு உரித்தது ஞாபகம் இருக்கிறது. உப்புத் தூவியது ஞாபகம் இருக்கிறது. அடுப்பைத் திருகி அணைத்தது மட்டும் ஞாபகம் இல்லை. காரில் போனால் வீடு எட்டு நிமிடம். வாசலுக்கு நாலே எட்டு வைத்தால் போதும்.

நாற்பது பேர் அவரையே பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. இது அவருடைய கல்யாணம்.

இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கல்யாணத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டும் கிடையாது. எல்லோரும் பெஞ்சுகளில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மனம் அடங்கியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களாகவே எழுந்து, கைகோத்து, வாக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பக்கத்தில் வினிஃப்ரெட்டும் எழுந்துவிட்டாள்.

கில்பர்ட் முப்பது வருடம் பள்ளிக்கூடக் கதவுகளைப் பூட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய நினைப்புக்குத்தான் ஓய்வில்லை. சொந்த அண்ணனின் சவ அடக்கத்திலிருந்து அது அவரைப் பாதியில் கிளப்பியிருக்கிறது. இரண்டு முறை டோவர் துறைமுகம் வரை போய்த் திரும்பியதில் பிரான்ஸை இன்னும் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை.

அக்கா ஆட்ரி நேற்றே போனில் எச்சரித்திருந்தாள்.

"டேய் கில், நாளைக்கும் பாதியில ஓடினேன்னு வை, வினி திரும்பிப் பாக்க மாட்டா. அறுபத்து மூணு வயசுல வேற ஒருத்தி வருவான்னு கனவு காணாத."

"கேஸ் வெடிச்சிருச்சுன்னா?"

"வெடிக்கட்டும். உன் சமையலறைக்கு அது நல்லதுதான்."

கில்பர்ட் வாசலைப் பார்த்தார். வினியைப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. யாருடைய வயிறோ கடமுடவென்றது.

'கேஸ்' என்றது மனம். அவர் பதில் சொல்லவில்லை.

'கேஸ்' என்றது மறுபடி. கம்மென்று நின்றார்.

மூன்றாம் தடவை அதன் குரல் இறங்கியிருந்தது, யாரும் கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்கும் விற்பனையாளரைப் போல. பிறகு அது போய்விட்டது. அது தானாகவும் போகும் என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாது. இருந்து பார்த்தால்தானே?

சாவியைப் பைக்குள் போட்டார். வினியின் வலக்கையைப் பிடித்தார். அவளுடைய இடக்கை மூடியே இருந்தது. கைக்குட்டை என்று நினைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, என்னோட தோழி வினிஃப்ரெட்ட என் மனைவியா ஏத்துக்கறேன். கடவுள் துணையோட, கடைசி வரைக்கும் அன்பா, உண்மையா இருப்பேன்."

வினியும் சொன்னாள். ஆட்ரி மூக்கைச் சிந்தினாள்.

கல்யாணம் முடிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேரும் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் கில்பர்ட் போட்டார். அடுத்து வினி. சுருட்டி வைத்திருந்த பெரிய தாள், ஓரம் சுருண்டுகொண்டே இருந்தது.

"இடது கையால அமுக்கிப் பிடி வினி. அதுக்குள்ள என்ன புதையலா வச்சிருக்க?" என்றாள் ஆட்ரி.

வினி கையை விரித்தாள். மேஜையில் டங்கென்று விழுந்தது அவளுடைய கார் சாவி.

கில்பர்ட் சாவியைப் பார்த்தார். வினி நிமிரவில்லை. கையெழுத்தை முடித்து, நிதானமாகப் புள்ளி வைத்தாள்.

"பின்கதவு. பூட்டினேனான்னு சந்தேகம். இருபது வருஷமா இதே சந்தேகம்தான்," என்றாள். "நான் ஓடத்தான் எழுந்தேன், கில்பர்ட். நீ வழிய மறிச்சு நின்னுட்ட."