காப்புக் கட்டாத கை

வைகை மணலில் பாதி தூரம் இறங்கியதும் கொட்டுச் சத்தம் நின்றுவிட்டது. கொட்டுக்குப் பின்னால் நூற்றுக்கு மேல் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் முதுகில் ஒருத்தர் முட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். பங்குனி மாதம், ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு எட்டு நடந்தால் அக்கரை. அக்கரையில்தான் மாநகராட்சி ஆபீஸ். ஆனால் ஒருத்தர் காலும் எழவில்லை.

முதலில் நின்றவள் சுந்தரம்மாள். தன் கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். முன்னால் போன மருதுவைக் கூப்பிட்டாள்.

“மாமா, காப்பு.”

அவ்வளவுதான் சொன்னாள். எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் தெரு கோரிப்பாளையத்துக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் எட்டாம் நாள் முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் ஆற்றைத் தாண்டக் கூடாது. நடு ஆறுதான் எல்லை. மில் வேலைக்காரன்கூட அந்த எட்டு நாளும் லீவு போட்டுவிடுவான். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டியாயிற்று. மாநகராட்சிக் கூட்டம் வெள்ளிக்கிழமை. கூட்டத்துக் கடுதாசியை மைக்கில் வாசித்தவனும் மருதுதான், எல்லார் கையிலும் கயிறு கட்டியவனும் மருதுதான். இரண்டுக்கும் சேர்த்துக் கொட்டடித்தார்களே தவிர, இரண்டையும் சேர்த்து ஒருத்தனும் யோசிக்கவில்லை.

நான் அவர்களோடு சேர்ந்து போகவில்லை. தள்ளி நின்று வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். செங்கல் சூளையில் நாற்பது வருஷம் வெந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு சரி. பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். காகிதத்தையும் நம்ப மாட்டேன், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனையும் நம்ப மாட்டேன். எங்கள் தெருவுக்குக் குழாய் வரும் என்றார்கள். வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. அந்தக் குழாயில் இப்போது ஆடு கட்டுகிறோம். காப்பும் நான் கட்டுவதில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டே சாராயம் குடித்தவனைப் பார்த்த வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

ஆனால் விஷயம் என் தலைக்கும் மேலேதான் தொங்கியது. தெருவை ஒட்டி ஒரு பொட்டல். வெள்ளத்தில் வீடு போன நாற்பது குடும்பம் அதன் ஓரத்தில் குடிசை போட்டிருக்கிறோம். என் குடிசையும் அங்கேதான். நடுவில் பையன்கள் சடுகுடு ஆடுவார்கள். கிழக்கே ஒரு மண்மேடை. பொங்கலுக்கு நாடகம் போடுவோம், மழையில் கரையும், மறுபடி அள்ளிப் போடுவோம். அந்தப் பொட்டலை லாரி நிறுத்துகிற இடமாக்க பட்ஜெட் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்றது கடுதாசி. எங்கள் மனுவில் கேட்டது மூன்று. ஓடு போட்ட வீடு, கல்லால் ஒரு மேடை, ஆட ஒரு மைதானம்.

மணலில் ஆளுக்கு ஆள் மருதுவைத் திட்டினார்கள். ஆத்தாவிடம் தப்புக் கேட்டுக்கொண்டு தாண்டிவிடலாம் என்றான் ஒருத்தன். மூன்று பெண்கள் அவனை அடிக்கப் போனார்கள். அப்போதுதான் ரெங்கம்மாள் என்னைப் பார்த்தாள். என் பக்கத்துக் குடிசைக்காரி.

“விருமாண்டி அண்ணே, கையக் காட்டுங்க.”

காட்டினேன். வெறும் கை.

“அப்ப நீங்கதான் போகணும்.”

“நான் போயி என்னத்தப் பேச? எனக்கு அம்புட்டு எழுத்து வாசிக்க வராது.”

“வாசிக்க வேணாம்ணே. எங்கள வையிறதுல பாதிய அங்க போயி வைங்க, போதும்.”

கூட்டம் சிரித்தது. மருது சிரிக்கவில்லை. கடுதாசியையும் மனுவையும் என் கையில் வைத்து மூடினான். மணலில் நடந்தேன். பின்னால் கொட்டு மறுபடி பிடித்தது.

மாநகராட்சி ஆபீஸில் பியூன் என்னை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தான். கடுதாசியைக் காட்டியதும் உள்ளே விட்டான். பெரிய ஹால், தலைக்கு மேலே ஃபேன், சுற்றிலும் வெள்ளைச் சட்டை. இன்ஜினியர் ஒருத்தர் லாரி நிற்கப் போகிற வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். அதில் என் குடிசை இருக்கிற இடத்தில் பெரிய எழுத்தில் பெட்ரோல் பங்க்.

மனுவை விரித்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தலைவர் நாற்காலியில் இருந்தவர், தபாலில் முன்னமே வந்த மனு நகலில் நூற்றிருபது பேர் கையெழுத்து இருக்கிறது, வந்தது ஒரே ஒருத்தர், மற்றவர்களுக்கு அக்கறை இல்லையா என்று கேட்டார். காப்பு விஷயத்தைச் சொன்னேன். ஆற்று நடுவில் நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்றேன். ஹாலே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

பின்வரிசையில் ஒரு வயசாளி எழுந்தார். சிம்மக்கல் பக்கத்துக் கவுன்சிலராம், பெயர் ஹாலாஸ்யம்.

“சிரிக்காதீங்கோ. காப்புக் கட்டினவா எல்லை தாண்ட மாட்டா. அவா வராதது அக்கறை இல்லாம இல்லே.”

சிரிப்பு அடங்கியது. நான் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தேன். எல்லார் மணிக்கட்டிலும் வாட்ச் இருந்தது, கயிறு இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பேச்சு வந்தது.

“அவுக வரக் கூடாது. சரி. ஒங்க யாரு கையிலயும் கயிறு இல்லையே. நீங்க வரலாம்ல?”

தலைவர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார். பொட்டலை அவர் நேரில் பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தலைவர் அந்த விஷயத்தை மட்டும் தள்ளிவைத்தார். நாலு மணிக்கு நேரில் வருகிறோம், நீங்கள் போகலாம் என்றார்.

நான் போவேனா? வெளியே வந்து அவருடைய ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கச் சொல்லி டிரைவர் கத்தினான்.

“ஒங்க ஐயா வந்தாத்தான் நான் எறங்குவேன். இல்லன்னா இதுலயே குடியிருக்கேன். எனக்கும் வீடில்ல” என்றேன்.

நாலு மணி நாலரை ஆனது. வந்தார்கள். தலைவர், ஹாலாஸ்யம், இன்ஜினியர், பின்னால் இன்னொரு ஜீப்பில் ஆறேழு பேர். என்னை இறங்கச் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார் தலைவர்.

தென்கரையில் ஜீப் நின்றது. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குடை பிடித்து, முந்தானையைத் தலையில் போட்டு, மணலிலேயே கூழ் குடித்து. யாரும் மறந்து தாண்டிவிடக் கூடாதென்று மருது குச்சியால் நீளமாக ஒரு கோடு கிழித்து வைத்திருந்தான். அந்தக் கோட்டில் வரிசையாகக் கால் விரல்கள்.

நாங்கள் மணலில் நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலாஸ்யம்தான் முதலில் கோட்டைத் தாண்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். அம்புட்டுக் குலவையை நான் பொங்கலுக்குக்கூடக் கேட்டதில்லை.

பொட்டலில் இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். அதன் மேலேயே பையன்கள் சடுகுடு பாடிக்கொண்டு ஏறிவிட்டார்கள். ஹாலாஸ்யம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, பிடி பிடி என்று கத்தினார். தலைவர் கரைந்த மேடையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு குடிசைப் பக்கம் வந்தார். ரெங்கம்மாள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“லாரிக்கு நெழல் கட்டப் போறீக. அத எனக்குக் கட்டுனா ஆகாதா?”

அவர் குனிந்து குடிசைக்குள் போனார். வெளியே வர நேரமானது.

திங்கட்கிழமை தீர்மானம் ஆயிற்று. லாரி வேறு இடத்துக்குப் போகிறது. பொட்டலில் மேடை, மைதானம், முதலில் இருபது வீடு, அடுத்து இருபது. மருது மைக்கில் வாசித்தான். காகிதம்தானே என்றேன் நான். தெருவே என்னை ஏசியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பொட்டலுக்குள் லாரி நுழைந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று விளக்குமாற்றோடு ஓடினாள் சுந்தரம்மாள். நானும் ஓடினேன். லாரி நிறையச் செங்கல். இரண்டு கல்லை எடுத்துத் தட்டினேன். ணங் என்றது. நன்றாக வெந்த கல். இன்னும் இரண்டு எடுத்துத் தட்டினேன். அதுவும் ணங். அடுக்கின் அடியிலிருந்து உருவியதும் ணங். அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறு வருஷம் காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை மருது மஞ்சள் கயிற்றோடு என் புது வீட்டு வாசலுக்கு வந்தான். கையை நீட்டச் சொன்னான். நான் நீட்டவில்லை.

“இன்னும் இருவது வீடு பாக்கி கெடக்கு மாப்ள. தெருவுல ஒரு கை சும்மா இருக்கட்டும்.”