நாற்பத்தொரு நொடி

கோட்டைச்சாமி தோள்துண்டை எடுத்துத் தரையில் விரித்து, கொண்டுவந்ததை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். வெள்ளிக் கொலுசு இரண்டு, நாலு ஊக்கு, ஒரு கொண்டை ஊசி, செல்போன்.

"சரியா இருக்கான்னு பாத்துக்கிடு தாயி. நேத்துக் காலையில உங்கம்மா எங்கிட்ட குடுத்தது."

அவர் பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் உலோகமும் செல்போனும் போகக் கூடாது. எல்லாம் வாசல் கேட்டில் அவருடைய டப்பாவில்தான் இருக்கும். அதனால் பாண்டிலட்சுமியின் சாமான்கள் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்துவிட்டன. பாண்டிலட்சுமி இன்னும் வரவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் மூன்று மணிக்குக் கொடுப்பார்களாம். முகத்தைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மகள் பிரீத்திகா அழவில்லை. நேற்று பெங்களூரில் வெடிவிபத்துச் செய்தி கேட்டபோது அடைத்த காது இன்னும் திறக்கவில்லை.

"ஒரு நொடிதாம்மா. அவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்று செல்லக்கனி அத்தை அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள்; ஆனால் போயும் போயும் இவளிடமா சொல்வது! நொடி எவ்வளவு நீளம் என்று இந்தப் புதுப்பட்டி ஊரில் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். தாமிர ஆக்சைடு கலந்த கறுப்புச் சில்லு ஒன்றைக் குளிரவைத்தால், அதற்குள் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து தடையே இல்லாமல் ஓடும். லேசர் ஒளியை ஒருமுறை மின்னவிட்டால் ஜோடிகள் பிரிந்துபோகும். பிரிந்தவை மறுபடி எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதுதான் நான்கு வருஷமாக அவள் ஆராய்ச்சி. ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால், அதில் சில துண்டுகளுக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். அவள் கணக்கில் ஒரு நொடி என்பது ஒரு யுகம். அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று அவளால் நம்ப முடியவில்லை.

அந்தச் சில்லுக்கு உயர் வெப்பநிலை மீக்கடத்தி என்று பேர். பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே நூற்று எண்பது டிகிரியில் கிடக்கிற பொருள் அது. மற்றவற்றுக்கு இன்னும் குளிர் வேண்டும் என்பதால் இது 'உயர்' ஆகிவிட்டது. இதைப் பாண்டிலட்சுமிக்கு யாரும் சொல்லவில்லை. இருபது வருஷம் மருந்து கலக்கியவளுக்கு, மகள் வேலையில் வெப்பம் என்ற சொல் இருந்ததே பயப்படப் போதும். தினமும் பத்து மணி டீ நேரத்தில் கேட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போடுவாள்.

"சூடு எம்புட்டுடி இன்னைக்கு? தண்ணித் தொட்டி பக்கத்துல இருக்கா? நைலான் துணி உடுத்தாத."

வருஷா வருஷம் பருத்திச் சுடிதார் தைத்து அனுப்புவாள். பிரீத்திகா அதைத் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஊருக்குப் போகும்போது விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"நேத்து டீ கூட முழுசாக் குடிக்கல" என்றார் கோட்டைச்சாமி. "போனை வச்சதும், 'எம்மக வேலையா இருக்காளாம்'னு சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா. அஞ்சு நிமிசத்துல வெடிச்சிருச்சு. எப்பவும் பத்து நிமிசம் பேசுவாளே. நேத்தும் அதேமாதிரி நின்னு பேசிக்கிட்டு இருந்தான்னா..."

அவர் பாதியில் நிறுத்தியது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

நேற்றிலிருந்து சுவரோரம் கிடந்த அப்பா சங்கிலிமுத்து நிமிர்ந்தார்.

"என்னம்மா கேட்டா கடைசியா?"

"சூடு எம்புட்டுன்னு கேட்டாப்பா."

"நீ என்ன சொன்ன?"

பிரீத்திகா துண்டில் கிடந்த அம்மாவின் போனை எடுத்தாள். கடைசி அழைப்பு, 'பாப்பா' என்று அம்மா பதிந்திருந்த அவள் எண்ணுக்கு. பத்து மணி நான்கு நிமிடம். நாற்பத்தொரு நொடி. நான்கு வருஷமாக வராத அளவீடு லேப் திரையில் வந்துகொண்டிருந்த நேரம் அது. அம்மாவை உள்ளே அனுப்பி வைத்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ப்பா. சொல்லிட்டு நானே வச்சுட்டேன்."

அப்பா கையை நீட்டிப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, பெண்களுக்கு நடுவே வழி கேட்டு, சமையலறை வாசலில் தொங்கிய சார்ஜர் பக்கம் போனார். சார்ஜர் முனை இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் செருகிவிட்டு, போனை அலமாரித் தட்டில் எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தார்.

"சார்ஜே இல்ல" என்றார். "காலையில வேலைக்குப் போறப்ப தேடுவா."