வீரகத்தியரை அழிச்சது நான்

எனக்கு வாய் கூட. அதை முதலே சொல்லிப்போடுறன். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்திலை கம்பியூட்டர் திருத்திற கடை வைச்சிருந்த ஒரே பொம்பிளை நான்தான். கஜனி எண்டால் சனத்துக்குத் தெரியும். வவுனியாவிலை ஆறு மாதம் படிச்ச படிப்பு. அந்த ஆறு மாதத்தை வைச்சுக்கொண்டு நான் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

2005ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை காலமை, மீராசாகிபு நானா கடைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். முந்திப் பிந்தி நான் கண்டதில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை இஞ்சையிருந்து கலைச்சாப்பிறகு புத்தளத்திலை பன்னிரண்டு வருசம் கிடந்திட்டு, சமாதான காலத்திலை தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த ஆள். தலையணை உறைக்குள்ளை சுத்தி ஒரு லப்டொப் கொண்டுவந்தார்.

"மகள், இது வேலை செய்துகொண்டிருக்கேக்கையே திடீர் திடீரெண்டு நிண்டுபோகும். முந்தாநாளையிலையிருந்து எழும்பவே மாட்டனெண்டுது."

போட்டுப் பாத்தன். படம் வந்துது, திரை கறுத்துது, நாலு வெள்ளை எழுத்து ஓடிச்சுது, திரும்பவும் முதலிலையிருந்து. மூண்டு தரமும் அதே கூத்து. விண்டோஸ் பழுதாப் போச்சு. எங்கட பக்கத்திலை அதுக்கு ஒரே வைத்தியம்தான்: உள்ளதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுறது. காய்ச்சலெண்டாலும் வயித்துக்குத்தெண்டாலும் பனடோல் குடுக்கிறமாதிரி நானும் எந்த மெஷினுக்கும் அதைத்தான் செய்வன்.

"மகள், ஒரு விசயம். இதுக்குள்ளை ஒரு..."

"நானா, என்ர வேலை எனக்குத் தெரியும். போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு ரெண்டு மணிக்கு வாங்கோ."

மனுசன் திறந்த வாயோடை என்னைப் பாத்தார். பிறகு "சரி மகள்" எண்டிட்டுப் போனார்.

அழிச்சன். விண்டோஸ் போட்டன். பன்னிரண்டு மணிபோலை எல்லாம் முடிஞ்சு, அட கெட்டிக்காரி எண்டு என்னையே மெச்சிக்கொண்டிருக்கேக்கை, எங்கட கடை வரிசைக்குக் கரண்ட் தாற மாயாண்டி அண்ணை எண்ணெய் விடுறதுக்கு ஜெனரேற்றரை நிப்பாட்டினார். அந்தக் கணமே லப்டொப்பும் செத்துது.

கரண்ட் போனால் லப்டொப் சாகக் கூடாது. உள்ளுக்கை இருக்கிற பற்றி, அதுதான் பேட்டரி, தாங்கவேணும். தூக்கிப் பிரட்டிப் பாத்தன். பற்றி இருக்கவேண்டிய இடத்திலை ஒரு மட்டை. அளவா மடிச்சுச் செருகி, செலோரேப் ஒட்டி, வடிவாச் செய்திருந்துது.

அப்பதான் எல்லாம் விளங்கிச்சுது. பற்றி இல்லாமல் ஜெனரேற்றரிலை ஓடின மெஷின். ஜெனரேற்றர் நிக்கிற ஒவ்வொரு தரமும் வேலைக்கு நடுவிலை விழுந்து விழுந்து விண்டோஸ் உடைஞ்சிருக்கு. என்ர கையிலை இருந்த அதே விண்டோஸ் சீடியாலை, ஒண்டையும் அழிக்காமல், அரை மணித்தியாலத்திலை திருத்தியிருக்கலாம். தூக்கின உடனை பாரம் குறைவெண்டதைக்கூட நான் கவனிக்கேல்லை. அப்பவும் எனக்கு வெக்கம் வரேல்லை பாருங்கோ. கிழவனிட்டை அப்பிடி என்னத்தை இருக்கப்போகுது எண்டுதான் நினைச்சன்.

ரெண்டு மணிக்கு நானா வந்தார். திரை வெளிச்சத்தைக் கண்டதும் சிரிப்பெண்டால் அப்பிடியொரு சிரிப்பு.

"வீரகத்தியரை ஒருக்காக் காட்டுங்கோ மகள்."

"ஆர் வீரகத்தியர்?"

"என்ர பக்கத்துக் காணிக்காரன். கலைச்ச நாளிலை காணி உறுதியெல்லாம் துலைஞ்சுபோச்சு. இப்ப ரெண்டேக்கரையும் வேறையாள் செய்யுது. எது என்ர எல்லையெண்டு தெரிஞ்ச ஒரே மனுசன் வீரகத்தி. எழும்ப ஏலாமல் கிடந்தவன். என்ர மகள் நஸ்மியா இரவல் கமராவாலை அவன் சொன்னதைப் படம்பிடிச்சு இதுக்குள்ளை போட்டவ. போன மாதம் அவன் மவுத்தாப் போனான். திங்கக்கிழமை காணிக் குழுவிலை விசாரணை. இதைத்தான் காட்டப்போறன்."

என்ர வாய்தான் முந்திச்சுது.

"நானா... இது வரேக்கையே உள்ளுக்கை எல்லாம் அழிஞ்சுதான் இருந்தது."

கதிரையிலை இருந்தவர் தலையிலை கையை வைச்சார்.

"என்ர பிழைதான் மகள். பற்றி தேஞ்சுபோனால் ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடி தாண்டி வேறை ஒண்டு எடுப்பிக்க ஏலாது எண்டு, நான்தான் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சன். வீரகத்தியை நானே சாக்காட்டிப்போட்டன். நீங்கள் என்ன செய்வியள், பாவம்."

பாவமாம். என்னைப் பாத்து. அந்த இடத்திலையே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை. பேய்ச்சி நான், ஏதாவது செய்யவேணுமெண்டு ஒரு அந்தரம். "இருங்கோ நானா, பாட்டுப் போட்டுத்தாறன்" எண்டு என்னட்டை இருந்த இஸ்லாமிய கீதம் எல்லாம் ஏத்தினன். காணாதெண்டு இருவது சினிமாப் படமும் ஏத்தினன். இனி இடமில்லை எண்டு மெஷினே சொல்லுமட்டும் ஏத்தினன். மனுசன் ரெண்டு கையையும் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனார்.

சனிக்கிழமை, எனக்குப் படிப்பிச்ச யோகநாதன் சேருக்கு வவுனியாவுக்கு ஃபோன் எடுத்தன்.

"அழிச்சாலும் பரவாயில்லை" எண்டார். "கொழும்பிலை திரும்ப எடுக்கிற ஆக்கள் இருக்கினம். அதுக்கு மேலை மட்டும் ஒண்டும் ஏத்திப்போடாதேயும்."

"ஏத்திப்போட்டன் சேர்."

"எவ்வளவு?"

"நிறையுமட்டும்."

"அப்ப முடிஞ்சுது" எண்டிட்டுச் சேர் ஃபோனை வைச்சார்.

திங்கக்கிழமை முதல் பஸ்ஸிலை தண்ணீரூற்றுக்குப் போனன். வாசிகசாலையிலைதான் விசாரணை. நானாவின்ர பேரைக் கூப்பிட்டதும் நான் எழும்பி, அந்தப் படத்தை வியாழக்கிழமை அழிச்சது நான்தான், அண்டைக்கு நானாவுக்குப் பொய் சொன்னனான் எண்டு சொன்னன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தார்.

"அதிலை வீரகத்தியர் என்ன சொன்னவர்?"

"தெரியாது ஐயா. நான் பாக்கேல்லை."

"பாக்காமலோ அழிச்சனீர்? இவர் உமக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்ல வந்தவர். நான் விடேல்லை."

பின்னாலை ஆரோ சிரிச்சினம்.

"அப்ப வியாழக்கிழமையே ஏன் உண்மையைச் சொல்லேல்லை?"

ஊருக்கே கேக்கிற என்ர வாயைக் கையாலை பொத்திக்கொண்டன். மீராசாகிபு நானாதான் எழும்பினார்.

"விடுங்கோ ஐயா. பிள்ளை பயந்திட்டுது."

எனக்கு அப்ப இருபத்தேழு வயது.

சாட்சி இல்லையெண்டு காணியை இப்ப செய்யிற ஆளுக்கே விட்டினம். நானா பஸ்ஸடி வரைக்கும் என்னோடை நடந்து வந்தார். தோளிலை லப்டொப். அலுமாரியிலை இருந்த பற்றியை எடுத்து மாட்டியிருந்தார். பஸ் வந்திட்டுது.

"மகள், நீங்கள் போட்டுத்தந்த பாட்டெல்லாம் நல்ல வடிவு" எண்டார். "வீட்டிலை ஒவ்வொரு நாளும் போடுறம். இப்ப நிக்காமல் பாடுது."

நான் தலையாட்டிப்போட்டு ஏறினன். வீரகத்தியரைத் திரும்ப எடுக்க ஏலாமல் மூடிப்போட்டது அந்தப் பாட்டுத்தான் எண்டதை அண்டைக்கும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகும் நான் அவருக்குச் சொல்லேல்லை.