ஹாருவான் சூப்

ஆஸ்பத்திரி எடை இயந்திரத்தில் ஏறி நின்றார் என் வீட்டுக்காரர் தர்மலிங்கம். அறுபத்தொரு கிலோ. கீமோ தொடங்கிய அன்றும் அதே அறுபத்தொன்றுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுபது வயதில், குடல் புற்றுநோயோடு, நாலு கீமோ முடிந்தும் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்றால் என் ஹாருவான் சூப்தான் காரணம். எங்கள் ஊர் சுங்கை பட்டாணியில் அறுவைச் சிகிச்சை முடிந்த யாரைக் கேட்டாலும் அந்த விரால் மீனைத்தான் சொல்வார்கள். விடியற்காலையில் துள்ளுகிற மீனை உப்புப் போட்டு அடக்கி, இஞ்சி தட்டிப் போட்டு, பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கேண்டீன் வேலைக்குப் போவேன். முப்பது வருடமாக வெள்ளிக்கிழமையில் என் அடுப்பில் கவுச்சி ஏறியதில்லை. அவருக்காக அதையும் விட்டேன். திரும்பி வரும்போது பிளாஸ்க் காலியாக இருக்கும். "நல்லாருந்துச்சு தேவகி" என்பார். ராத்திரி ரசம் சோறு போதும் என்றால், பகலில்தான் சூப் குடித்தாரே என்று நானும் விட்டுவிடுவேன்.

உணவு ஆலோசகர் ஐனா எடையோடு விடவில்லை. இன்னொரு இயந்திரத்தில் நிற்க வைத்தாள். ஒரு கைப்பிடியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். முள் அசையவே யோசித்தது. தசை நாலு கிலோ போயிருக்கிறது, அந்த இடத்தில் நீரும் கொழுப்பும் சேர்ந்திருக்கிறது என்று மலாயில் சொன்னாள். கால் வீங்கியதைச் சதை பிடிக்கிறது என்று நினைத்த மடச்சி நான். இப்படியே போனால் அடுத்த கீமோவை உடம்பு தாங்காது, தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றாள். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். நான் ஹாருவான் என்று ஆரம்பித்ததுமே அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் குடிக்கல தேவகி. தைப்பூசம் வரைக்கும் சைவம்னு முருகன்கிட்ட நேர்ந்துகிட்டேன். சூப்ப பக்கத்து வீட்டு லோகேஸ்வரிகிட்ட குடுத்துருவேன்."

"மூணு மாசமாவா?"

"சொன்னா நீ வுட மாட்டல்ல."

ஐனாவிடம் மலாயில் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சைவம் என்றால் தவ்ஹு, தெம்பே என்று சோயாவில் செய்த கட்டிகள், பருப்பு, சோயா பால் என்று எவ்வளவோ கொடுத்திருக்கலாமே மாக்சிக், முதல் நாளே சொல்லக்கூடாதா அத்தை என்பதுபோல் கேட்டாள். சொல்லியிருந்தால் தெம்பேயைப் பொரித்துக் குவித்திருப்பேன். நாற்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு முருகனிடம் மட்டும் பேசி முடித்துக்கொண்டார். சாமிக்கு உண்மை, எனக்குக் காலி பிளாஸ்க். அந்த லோகேஸ்வரியும் தினமும் வேலி ஓரம் நின்று, "அண்ணன் எப்படி இருக்காருக்கா?" என்று கேட்டாள், என் சூப்பைக் குடித்த வாயாலேயே.

கீழே கடையில் சோயா பால் வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம். அவர் பாட்டில் மூடியைத் திருகினார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் திருகினார். விரல்கள் வெளுத்தன. மூடி நகரவில்லை.

"கொஞ்சம் தொறந்து குடு லா."

நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். காரை இன்னும் கிளப்பவே இல்லை.